மூன்று தம்ளர்களில் ஒரே தண்ணீர்

அயினோன்புரத்தில் மூன்று தம்ளர்களின் தண்ணீர் ஒரே தண்ணீராகிப்போன அந்தத் திரித்துவ ஞாயிற்றுக்கிழமை காலையில் உபதேசியார் தேவஇரக்கத்துக்குத் தொண்டை வறண்டிருந்தது, அவ்வளவுதான். அற்புதம் செய்யும் எண்ணமோ அதற்கான யோக்கியதையோ தன்னிடம் இருந்ததாக அவர் அன்றும் நினைக்கவில்லை, பிறகும் நினைக்கவில்லை. வேதத்தில் தண்ணீர் மிகுதியாக இருந்ததாகச் சொல்லப்படும் ஓர் இடத்தின் பெயரை, எந்தக் காலத்திலோ வந்த வெள்ளைக்காரப் போதகர் ஒருவர், ஒரு குடம் தண்ணீருக்கு ஊர் எல்லை தாண்டவேண்டிய இந்தச் செம்மண் தேரிக்காட்டு ஊருக்குச் சூட்டிவிட்டுப் போயிருந்தார். ஊர் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டாகக் கிடந்தது, நடுவில் வேதக்கோயில் இருந்தது, கோயிலுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன, யார் எந்த வாசலில் நுழையவேண்டும் என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, யாரும் ஒருநாளும் வாசல் மாறியதும் இல்லை.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்கிற மூவர் எப்படி ஒரே கடவுளாக இருக்க முடியும் என்று சனங்களுக்கு விளங்கவைக்கும் பொறுப்பை, அந்தச் சபைக்கு வந்த குருவானவர்கள் எல்லோருமே வருடந்தோறும், தங்களுக்கு உதவியாக உள்ளூரிலேயே இருந்த தேவஇரக்கத்தின் தலையில்தான் கட்டினார்கள், ஏனென்றால் இறையியல் கல்லூரியில் அவர்கள் படித்துவந்த விளக்கம் அயினோன்புரத்துக் காதுகளில் ஏறவில்லை. தேவஇரக்கம் ஒரு வருடம் நுங்கைச் சீவிக் காட்டி, காய் ஒன்று, கண் மூன்று என்றார். ஒரு வருடம் மூன்று மெழுகுவர்த்திகளைச் சாய்த்துப் பிடித்துச் சுடரை ஒன்றாக்கிக் காட்டினார். இன்னொரு வருடம் சூரியன், அதன் ஒளி, அதன் சூடு என்றார், ஆராதனை முடிந்து வெயிலில் இறங்கியவர்கள் திரித்துவம் இன்று ரொம்பச் சுடுகிறது என்று சிரித்துக்கொண்டு போனார்கள். சொல்லும்போது எல்லாம் சரியாகவே இருக்கும், மறுநாள் விடிந்ததும் அவருக்கே அதில் ஓட்டை தெரியும். நுங்கின் மூன்று கண்ணையும் மூன்று பேர் தனித்தனியாகத் தோண்டித் தின்றுவிடலாமே, பிறகு என்ன ஒன்று என்று பல் துலக்கிக்கொண்டே தன்னைத்தானே கேட்டுக்கொள்வார். சரியான அடையாளம் ஒன்று எங்கோ இருக்கிறது, தன் கண்ணில்தான் படவில்லை என்று அறுபது வயதைத் தாண்டியும் நம்பிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவர் பேசிப் பார்ப்பதற்கு ஊரில் ஒரே ஆள் இருந்தார். அவர் கீழத்தெரு எசேக்கியேல், மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், பள்ளிக்கூடத்தில் தேவஇரக்கத்தோடு ஒரே வகுப்பில் படித்தவர், பாடகர் குழுவில் அவருக்குப் பக்கத்தில் நின்று கட்டைக்குரலில் பாடுகிறவர். சபையின் ஆர்மோனியம் உபதேசியார் வீட்டில் இருந்ததால், மறுநாள் பாட்டுகளைப் பாடிப் பழக எசேக்கியேல் சனிக்கிழமை தவறாமல் மாலையில் வருவார், வீட்டுப் பக்கவாட்டுச் சந்து வழியாகப் புறவாசலுக்கு வந்து முருங்கைமரத்தடியில் கிடக்கும் நாற்காலியில் உட்காருவார், தாகமெடுத்தால் பின்சுவர் ஆணியில் தொங்கும் அலுமினியத் தம்ளரை எடுத்து நீட்டுவார், ஊற்றியதைக் குடிப்பார், தானே கழுவி மறுபடியும் ஆணியில் மாட்டுவார். மேலத்தெருவில் எல்லா வீட்டின் பின்சுவரிலும் அப்படியொரு ஆணி இருந்தது, அதில் அப்படியொரு தம்ளர் தொங்கியது. மாமியாரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் தன் வீட்டில் அது இருக்கிறது என்று தேவஇரக்கம் சொல்லிக்கொண்டிருந்தார், தனக்குத்தானே. மாமியார் இறந்தபிறகு மனைவி ஞானசுந்தரிக்காக என்று சொல்லிக்கொண்டார். எசேக்கியேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று நம்பினார், கேட்டுப் பார்த்ததில்லை. மனைவியிடம் சொல்லாததையும் முருங்கைமரத்தடியில் சொல்லியிருக்கிறார், ஜெபம் சில நாட்களில் தனக்கு வெறும் சத்தமாகக் கேட்கிறது என்பதைக்கூட. அந்தச் சனிக்கிழமை மாலை ஒன்று இல்லாவிட்டால் உபதேசியாருக்கு அந்த வாரத்தில் வேறு எதுவும் இல்லை.

அந்த வருடம் அவர் பாத்திரங்களைக் காட்டுவது என்று தீர்மானித்திருந்தார். குருவானவர் வீட்டிலிருந்து பூப்போட்ட கண்ணாடித் தம்ளர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார், அடுக்களையிலிருந்து எவர்சில்வர் தம்ளர் ஒன்றை எடுத்துக்கொண்டார், மூன்றாவதாக வேறு மாதிரியில் ஒன்று வேண்டியிருந்தது, அதற்குள் இரண்டாம் மணி அடித்துவிட்டது, புறவாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தவருடைய கை, எட்டிய இடத்தில் இருந்ததை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டது. பீடத்துக்கு முன்னால் மேசையில் கண்ணாடித் தம்ளரை வைத்து, எவர்சில்வரை வைத்து, பைக்குள் கையை விட்டு மூன்றாவதை வெளியே எடுத்தபோதுதான் அது என்ன தம்ளர் என்பதை அவரும் பார்த்தார், சபையும் பார்த்தது. மேலத்தெருக்காரர்கள் ஒவ்வொருவரும் அதைத் தங்கள் வீட்டுத் தம்ளராகக் கண்டார்கள், கீழத்தெருக்காரர்கள் ஒவ்வொருவரும் அதன் நெளிந்த விளிம்பைத் தங்கள் உதட்டில் உணர்ந்தார்கள், பாட்டுக்காரர் வரிசையில் நின்ற எசேக்கியேல் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, அன்று பாடாத ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். திரும்பப் பைக்குள் போடவும் முடியவில்லை. தேவஇரக்கம் ஒரே செம்பிலிருந்து மூன்றிலும் ஊற்றினார், பாத்திரம் மூன்று, தண்ணீர் ஒன்று என்றார், அதற்கு மேல் குரல் வரவில்லை, எவர்சில்வர் தம்ளரை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தார். மற்ற இரண்டு தம்ளர்களிலும் அதே அளவு தண்ணீர் இறங்கியது.

அலுமினியம் ஓட்டையாக இருக்கும் என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். கமிட்டித் தலைவர் அருமைநாயகம் எழுந்துபோய்த் தன் துண்டால் மேசையைத் துடைத்துப் பார்த்தார், துண்டு நனையவில்லை. கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றினார்கள், மூன்றும் ஏறின. ஒன்றில் உப்பைப் போட்டார்கள், மூன்றும் கரித்தன. அதற்குப்பிறகு சபை எழுந்து நின்று வழக்கமான ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு, இனி மாட்டுக்குத் தீவனம் வைக்க நேரமாகிவிடும் என்று வீட்டுக்குப் போனது.

தேரிக்காட்டு ஊர்கள் அற்புதங்களைப் பழகிக்கொள்ள அதிக காலம் எடுத்துக்கொள்வதில்லை. குருவானவர் மூன்று தம்ளர்களையும் பீடத்தின் பக்கத்தில் பின்னல் விரிப்பிட்ட மேசையில் வைத்தார், இனிமேல் திரித்துவத்தைப்பற்றி யாரும் பிரசங்கம் செய்யவேண்டாம், வந்து பார்த்தால் போதும் என்று நிம்மதியாக அறிவித்தார். பஸ் நடத்துநர்கள் அயினோன்புரம் என்பதை விட்டுவிட்டு மூணு தம்ளர் ஸ்டாப் எல்லாம் இறங்கு என்று கூப்பிட்டார்கள். சுற்றுவட்டாரத்து அம்மன் கோயில் சனங்கள் காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அறிவியல் வாத்தியார் ஒருவர் அளவுகோலோடு வந்து அளந்து பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார், பக்கத்து ஊரில் வேறு சபைக்காரர்கள் நான்கு தம்ளர் வைத்து முயன்று பார்த்ததாகவும் பேச்சு வந்தது. எல்லோரும் உபதேசியாரின் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். மூன்றாவது தம்ளர் எங்கிருந்து வந்தது என்பதைப்பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. எசேக்கியேலும் திறக்கவில்லை, ஆணி காலியாக இருந்த சனிக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்தே பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார், வழக்கம்போலப் பாடினார், வழக்கம்போலக் கிண்டல் செய்தார். “நல்லவேளை உபதேசியாரே, கண்ணுல பட்டதை எடுத்தீங்க, விளக்குமாறை எடுத்திருந்தா கர்த்தர் என்ன செஞ்சிருப்பாரு” என்று கேட்டார். தேவஇரக்கமும் சிரித்தார், அந்தச் சிரிப்பு முடியும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முருங்கைமரத்தைப் பார்த்தார்.

பிறகு சனங்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க ஆசைப்பட்டார்கள். ஆராதனை முடிந்ததும் குடிக்கலாம் என்று குருவானவர் அனுமதித்தார், யாரும் சொல்லாமலே வரிசைகள் அமைந்தன; மேலத்தெரு ஆண்கள் எவர்சில்வருக்குப் போனார்கள், பெண்கள் கண்ணாடிக்குப் போனார்கள், கீழத்தெரு முழுவதும் அலுமினியத்துக்குப் போனது. அற்புதம் வந்தும் ஊர் ஒழுங்கு குலையவில்லை என்று அருமைநாயகம் திருப்திப்பட்டார். சில வாரங்கள் அப்படியே நடந்தது. பிறகொரு ஞாயிறு, அருமைநாயகத்தின் மனைவி செல்லத்தாயம்மாள் கண்ணாடித் தம்ளரைத் தூக்கி வாயில் ஊற்றிய அதே நொடியில், மறுமுனையில் கீழத்தெரு வேதமாணிக்கம் அலுமினியத் தம்ளரில் வாய்வைத்தார், அவர் விடிந்ததிலிருந்து புகையிலை ஒதுக்கியிருந்தவர், செல்லத்தாயம்மாளின் நாக்கில் புகையிலை கரைந்து இறங்கியது. கோயிலுக்குள் துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது, உப்பிய கன்னத்தோடு அந்த அம்மாள் நடுவழியே நடந்து வாசலைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேரும்வரை சபை முழுவதும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றும் ஒரே தண்ணீர் என்பது அவ்வளவு நாளும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, அன்றைக்குத்தான் அது நாக்குக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மேலத்தெருவில் ஒருவருக்கும் தாகம் இல்லை. யாரும் குறை சொல்லவில்லை, சண்டை போடவில்லை, காப்பி குடித்துவிட்டு வந்தோம் என்றார்கள், தொண்டைக்கட்டு என்றார்கள், டாக்டர் ஆறின தண்ணீர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றார்கள். கமிட்டி கூடியது. பரிசுத்தமானதைக் கண்டபடி வாயில் வைப்பது மரியாதையா என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் அந்தக் கேள்வியை நன்றியோடு பிடித்துக்கொண்டார்கள், ஆனால் கீழத்தெருவுக்குச் சொல்ல ஒரு வசனம் வேண்டும் என்றார்கள், எல்லோரும் தேவஇரக்கத்தைப் பார்த்தார்கள். அவருக்கு வசனம் தெரியாமல் இல்லை. ராஜா ஒருவர் தன் வீரர்கள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க மனமில்லாமல் கர்த்தருக்கென்று தரையில் ஊற்றினாரே, அந்த இடத்தைச் சொன்னார். அந்த ராஜா, உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்தவர்களை மதித்துத்தான் குடிக்காமல் இருந்தார் என்பதும் அவருக்குத் தெரியும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தது, சொல்லி முடித்தபிறகும் தெரிந்தது, அருமைநாயகம் அவருடைய முதுகில் தட்டி, அதுக்குத்தான் உபதேசியார் வேணும்கிறது என்றபோது, அந்தக் கையின் சூடு சட்டைக்குள் வெகுநேரம் இருந்தது.

தம்ளர்கள் கண்ணாடி அலமாரிக்குள் போயின, பூட்டின் சாவி உபதேசியாரிடம் வந்தது. அலமாரிக்கு முன்னால் கூட்டம் குறையவில்லை. குடிக்கமுடியாது என்று ஆனபிறகு அற்புதத்தின்மேல் பக்தி கூடியிருந்தது. இவ்வளவு அழகான அலமாரிக்குள் நெளிந்த அலுமினியம் நன்றாகவா இருக்கிறது என்று பிறகு தோன்றியது. அருமைநாயகம் வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார், குருவானவர் ஜெபித்து, அலுமினியத் தம்ளரின் தண்ணீரை வெள்ளிக்கு மாற்றி ஊற்றினார், எல்லோர் கண்ணும் வெள்ளியிலேயே இருந்ததால் மற்ற இரண்டையும் யாரும் பார்க்கவில்லை, சபை எழுந்து நின்று பாடியது. வெள்ளிக்கு மாறிய பிறகும் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கின்றனவா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் குடிப்பதில்லை. சாவி தேவஇரக்கத்தின் பையில்தான் கிடந்தது. ஒரே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தால் போதும். அவர் பார்க்கவில்லை.

குருவானவர் காலித் தம்ளரைக் கொடுத்து, இது உங்கள் வீட்டுடையதுதானே என்றார். தேவஇரக்கம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார், நடுவீட்டில் நின்றார். இடப்பக்கம் அடுக்களை, அங்கே பலகையில் மற்றத் தம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன, வலப்பக்கம் புறவாசல். கையில் தம்ளரோடு அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தபோது ஞானசுந்தரி வந்து, இதை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டு, பதிலை எதிர்பார்க்காமல் வாங்கிக்கொண்டு போய் ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பில் இருந்ததைக் கிண்டப் போனாள். அவளிடம் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அது இருந்த இடம் அதுதான். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்வதற்கு நேரமும் இருந்தது, கிண்டுகிற சத்தம் நிற்கும்வரை இருந்தது.

சனிக்கிழமை எசேக்கியேல் சந்து வழியாக வந்தார், ஆணியைப் பார்த்தார், “வந்துட்டுதா” என்றார். ஒரு பாட்டுப் பாடினார்கள். தாகம் என்று தம்ளரை எடுத்து நீட்டினார், தேவஇரக்கம் ஊற்றினார். எசேக்கியேல் குடித்தார், தானே கழுவினார், மாட்டினார், இரண்டாவது பாட்டையும் பாடிவிட்டு, சுருதி கொஞ்சம் இறங்குகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. கோயிலில் பார்த்தபோது, வேலை இருந்துச்சு உபதேசியாரே என்றார். ஓய்வுபெற்ற மனிதருக்கு என்ன வேலை என்று தேவஇரக்கம் கேட்கவில்லை. முருங்கைமரத்தடி நாற்காலியில் காக்கைகள் எச்சமிட்டிருந்தன. அவர் தம்ளரை ஆணியிலிருந்து எடுத்து ஆர்மோனியப் பெட்டிக்குள் வைத்து மூடினார், வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் கீழத்தெருவுக்கு நடந்தார்.

அந்தத் தெருவில் எத்தனையோ வாசல்களில் நின்று அவர் ஜெபித்திருக்கிறார். ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. எசேக்கியேலின் வீடு அவருடைய வீட்டைவிடப் பெரியதாக இருந்தது, தரையில் பளபளப்பான கல் பதித்திருந்தது, அவருக்குத் தெரியாத ஒரு மகள் பட்டம் வாங்கும் படம் சுவரில் இருந்தது.

“வாங்க உபதேசியாரே, வழி தெரிஞ்சுதா?” என்றார் எசேக்கியேல்.

“பொறந்ததுலேருந்து பாக்குற தெருதானடா.”

“பாக்குற தெருதான்” என்றார் எசேக்கியேல். நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியைத் தட்டிவிட்டார். அவருடைய மனைவி ரூபி, ஐயா வந்திருக்காங்க என்று சேலையைச் சரிசெய்துகொண்டு பின்கட்டு வழியாக இறங்கி ஓடி, சற்று நேரத்தில் கடையிலிருந்து மூடி திறக்காத கலர் சோடா பாட்டில் ஒன்றோடு வந்து, அவர் கண்ணெதிரிலேயே மூடியைத் திறந்து நீட்டினாள். மேலத்தெருக்காரர்கள் எப்போதாவது வந்தால் அந்தத் தெருவில் அப்படித்தான் செய்வார்கள், தங்கள் வீட்டுப் பாத்திரம் படாமல், வந்தவருக்குச் சங்கடம் இல்லாமல்.

“கலர் வேண்டாம், தண்ணி குடும்மா” என்றார் தேவஇரக்கம்.

ரூபி புருஷனைப் பார்த்தாள். எசேக்கியேல் அவளை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“தண்ணி வேண்டாம் உபதேசியாரே.”

“ஏண்டா?”

“குடிச்சிட்டீங்கன்னா உங்களுக்கு எல்லாம் சரியாப் போயிரும். வார ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லுவீங்க, எசேக்கி வீட்டுல தண்ணி குடிச்சேன்னு. நாங்க எதுத்தாப்புல உக்காந்து ஆமென் சொல்லணும்.”

அவர் குரலில் கோபமே இல்லை. 

“அந்தத் தம்ளரை எடுத்துட்டேன் எசேக்கி.”

“எங்க வச்சீங்க?”

 “ஆர்மோனியப் பெட்டிக்குள்ள” என்றார் தேவஇரக்கம்.

எசேக்கியேல் வாய்விட்டுச் சிரித்தார், நிஜமாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடுக்களை அவ்வளவு தூரமா?”

“அவ இருக்கா பாரு...” என்று தேவஇரக்கம் ஆரம்பித்தார், மாமியார் காலத்திலிருந்து தனக்குத்தானே சொல்லிவந்த அந்தப் பதில் இந்த வீட்டின் பளபளப்பான தரைக்குமேல் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டு, பாதியில் நிறுத்தினார். அவர் நிறுத்தியதை எசேக்கியேலும் கேட்டார்.

“கலர் சூடாகுது, குடிங்க” என்றார். “எனக்கு உங்கமேல வருத்தம் ஒண்ணும் கிடையாது. ஆணியில கிடந்தப்ப அதை நான் பெருசா நெனைக்கல, தம்ளர்னு நெனச்சுக் குடிச்சேன். பீடத்துக்குப் பக்கத்துல வச்சிக் கும்பிட்டுட்டு, மறுபடியும் கொண்டுபோய் ஆணியில மாட்டுனீங்க பாருங்க, அதுக்கப்புறம் குடிக்க முடியல.”

“சனிக்கிழமை வரமாட்டியா?”

“பாட்டு கோயில்லதான உபதேசியாரே. அங்க பக்கத்துலதான் நிப்பேன். பாட்டுல ஒரு குறையும் வராது.”

தேவஇரக்கம் கலரைக் குடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார், தித்திப்பு அடித்தொண்டையில் ஒட்டிக்கொண்டது, தாகம் அப்படியே இருந்தது. எசேக்கியேல் எழுந்து, வெயில் இறங்கட்டுமே என்றார், பிறகு வாசல்வரை வந்து வழியனுப்பினார், ஒரு மரியாதையிலும் குறை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது, வெளியூர்க்காரர்கள் அலமாரியின் முன்னால் முழங்காலில் நின்றார்கள், வெள்ளிக் கிண்ணம் வெயில் பட்டு மின்னியது. பாட்டுக்காரர் வரிசையில் எசேக்கியேல் சொன்னபடியே தேவஇரக்கத்தின் பக்கத்தில் வந்து நின்றார், ஒரே புத்தகத்தை இருவரும் ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துக்கொண்டார்கள், எசேக்கியேலின் கட்டைக்குரல் தரையிலிருந்து எழுந்து தூண்களில் ஏறி ஓட்டுக்கூரையை நிறைத்தது, எங்கும் சுருதி இறங்கவில்லை, ஒரு சொல் பிசகவில்லை. ஆராதனை முடிந்ததும் அருமைநாயகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இருவருடைய தோளிலும் கைவைத்து, இத்தனை வருடத்தில் இப்படிப் பாடிக் கேட்டதில்லை, ரெண்டு ஆள் பாடுகிறார்கள் என்று சொல்லவே முடியாது, ஒரே குரல் என்றார். சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம், ஒரே குரல் என்றார்கள், ஊர் அதையும் ஓர் அற்புதமாக எடுத்துக்கொண்டு போனது. தேவஇரக்கம் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாரே தவிர, பாடவே இல்லை. அது பக்கத்தில் நின்ற எசேக்கியேலுக்கு மட்டும் தெரியும்.